ஞாயிறு கூட்டம்: கண்ணாடியும் நட்சத்திரமும்

அண்ணாச்சிமாரே, அக்காமாரே,

இந்த ஞாயிறு சாயங்காலம் 5 மணிக்கு வண்ணார்பேட்டை மாடியில கூட்டம். பேசப்போறது பிரெண்டா மில்னர் பத்தி. 1918-ல இங்கிலாந்துல பிறந்து, கனடாவுல மான்ட்ரியல்ல வலிப்பு நோயாளிகளோட நினைவாற்றலை ஆராய்ஞ்சவங்க.

1953-ல ஹென்றி மொலைசன்னு 27 வயசுக்காரருக்கு வலிப்பு நிக்கணும்னு மூளையில ரெண்டு பக்கமும் ஹிப்போகாம்பஸோட (புது நினைவைப் பதிய வைக்குற பகுதி) பெரும்பகுதியை எடுத்துட்டாங்க. வலிப்பு குறைஞ்சுது, ஆனா புதுசா நடந்தது எதுவும் மனசுல நிக்கல. கையை மறைச்சு, கண்ணாடியில தெரியுறதைப் பாத்தே நட்சத்திரம் வரையச் சொன்னாங்க மில்னர். மூணு நாள்ல கோடு சுத்தமா வந்துட்டு. அவருக்கோ ஒவ்வொரு நாளும் அதுதான் முதல் நாள்! கை பழகுற நினைவு வேற, நடந்ததை வச்சிருக்குற நினைவு வேறன்னு பிடிபட்டது அங்கதான். (எனக்கு சைக்கிள் மறக்கல, அதோட சாவி வச்ச இடம்தான் மறக்குது.)

சாவின்னதும் ஞாபகம் வருது. போன மாசம் ஜங்ஷன்ல ஒரு பையனுக்கு வலிப்பு வந்தப்ப நாலு பேரு சாவிக்கொத்தைத்தான் தேடுனாங்க. இரும்பு ஒண்ணும் செய்யாது. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாயில எதையும் திணிக்காதீங்க, 5 நிமிஷம் தாண்டுனா 108-க்குப் போடுங்க.

கண்ணாடி நான் கொண்டாரேன். பேப்பரும் பென்சிலும் உங்க பொறுப்பு.