பேரோலை வெளியே கொடுக்க நினைக்கும் பார்ட்னர்களுக்கு ஒரு திறந்த மடல்

கணக்கு அலுவலகங்களை நடத்தும் பார்ட்னர்களுக்கு,

வணக்கம். கிளையன்ட்களின் பேரோலை, அதாவது அவர்களுடைய ஊழியர்களின் சம்பளக் கணக்கை, நாமே போடுவதா, வெளி நிறுவனத்திடம் கொடுத்துவிடுவதா என்ற பேச்சு எழும்போதெல்லாம் அது ஒரே கணக்கில் முடிந்துவிடுகிறது: ஒரு பே ஸ்லிப்புக்கு அவர்கள் கேட்பது எவ்வளவு, நமக்கு ஆகும் செலவு எவ்வளவு. அந்தக் கணக்கையே தப்பாகப் போடுகிறீர்கள் என்பதுதான் பேரோல் போடும் எங்கள் முதல் குறை.

பேரோல் வேலை நான்கு துண்டு. விவரம் சேகரிப்பது, ரன் போடுவது (சாஃப்ட்வேரில் அந்த மாதச் சம்பளத்தைக் கணக்கிடுவது), சரிபார்ப்பது, சம்பளம் போன பிறகு வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்வது. வெளி நிறுவனம் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் இரண்டாவது துண்டை மட்டும். சாஃப்ட்வேர் ஒழுங்காக அமைந்திருந்தால் நான்கில் மிகக் குறைந்த நேரம் பிடிப்பதும் அதுதான். "ரெண்டு பேர் புதுசு, ஒருத்தர் நின்னுட்டார், மத்ததெல்லாம் போன மாசம் மாதிரியே" என்று கிளையன்ட் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியிலிருந்து சேர்ந்த தேதி, கடைசி வேலை நாள், மீதமுள்ள விடுப்பு, வங்கிக் கணக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குவது அதன் பிறகும் நம் தலையில்தான் இருக்கும். கேள்விகளோ இன்னும் நீளும். ஊழியர் முதலாளியிடம் கேட்பார், முதலாளி நம்மிடம், நாம் வெளி நிறுவனத்திடம். பதில் அதே வழியில் திரும்பி வர வேண்டும்.

ஆகவே முடிவெடுக்கும் முன் மூன்று மாதத்துக்கு ஒவ்வொரு கிளையன்ட்டுக்கும் இந்த நான்கு தலைப்பில் நிமிடக் கணக்கு எழுதச் சொல்லுங்கள். வெளியார் கேட்கும் கட்டணத்தை இரண்டாவது தலைப்போடு மட்டும் ஒப்பிடுங்கள். வெளி நிறுவனத்தோடு பேசவும் விளக்கவும் ஆகும் நேரத்தை ஐந்தாவது தலைப்பாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போதும் வெளியே கொடுப்பது லாபமாகத் தெரிந்தால் கொடுங்கள், நாங்கள் குறுக்கே நிற்கவில்லை.

ஆனால் எந்தக் கிளையன்ட்டைக் கொடுப்பது? எல்லாருக்கும் முதலில் தோன்றுவது, தலைவலி கொடுப்பவர்களைத் தள்ளிவிட்டு சுலபமானவர்களை வைத்துக்கொள்ளலாம் என்பது. நேர்மாறாகச் செய்ய வேண்டும். நிலையான மாதச் சம்பளம், அரிதாக மாற்றம், ஒரே மாதிரி பிடித்தங்கள் என்று ஓடும் கிளையன்ட்தான் வெளியே கொடுக்கத் தகுந்தவர். ஷிப்ட், மணிக்கணக்குக் கூலி, கமிஷன், முன்தேதியிட்டு வரும் சம்பள உயர்வு, அதன் அரியர்ஸ் என்று மாதாமாதம் புதிதாக ஏதாவது முளைக்கும் கிளையன்ட்டின் விதிகள் பாதிக்கு மேல் நம் ஊழியர் ஒருவரின் நினைவில்தான் இருக்கின்றன. ஃபைலை அனுப்பலாம், நினைவை அனுப்ப முடியாது.

எவ்வளவு சின்ன விதி எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்கு ஒன்று. மாதச் சம்பளம் 30,000. 31 நாள் மாதத்தில் 17-ஆம் தேதி வேலைக்குச் சேருகிறார். 15 நாள் வேலை. மாதத்தின் உண்மை நாட்களால் வகுத்தால் 14,516. எல்லா மாதத்துக்கும் 30 நாள் என்று வைத்து, வேலை பார்த்த 15 நாளைப் பெருக்கினால் 15,000. அதே 30 நாள் முறையில், வராத 16 நாளை முழுச் சம்பளத்திலிருந்து கழித்தால் 14,000. மூன்றுமே நடைமுறையில் உள்ளவை. ஒரே சாஃப்ட்வேரில் புதிதாகச் சேருபவருக்குப் பெருக்கும் முறையும் சம்பளமில்லா விடுப்புக்குக் கழிக்கும் முறையும் அமைந்திருப்பதுண்டு. "30 நாள் முறை" என்று ஒற்றை வரியில் எழுதி அனுப்பினால், வெளி நிறுவனத்தில் உட்கார்ந்திருப்பவர் தன் வழக்கப்படி ஒன்றைத் தேர்ந்துகொள்வார். தேர்ந்ததே நமக்குத் தெரியாது. ஊழியர் கணக்குப் போட்டுப் பார்த்துக் கேட்கும்போதுதான் தெரியவரும்.

கனடாவின் மத்திய அரசு 2016-இல் ஃபீனிக்ஸ் என்ற சம்பள முறைக்கு மாறியது. அது வேலையை வெளியே கொடுத்த கதை அல்ல, ஒரே இடத்தில் குவித்த கதை. ஆனாலும் சறுக்கிய இடம் நமக்கும் பொருந்துகிறது. பல துறைகளில் பரவியிருந்த ஏறத்தாழ 1,200 சம்பள ஆலோசகர்களின் இடத்தில் மிராமிச்சி என்ற ஊரில் சுமார் 550 பேரை வைத்தார்கள். துறைக்குத் துறை வேறுபடும் விதிகளைக் கையால் சமாளித்து வந்தவர்கள் போய்விட்டார்கள். செலவைக் குறைக்க சாஃப்ட்வேரின் சில செயல்பாடுகளை நீக்கினார்கள் அல்லது தள்ளிப்போட்டார்கள்; முன்கூட்டிய சோதனை ஓட்டத்தையும் கைவிட்டார்கள். இதைத் தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கையே சொல்கிறது. பலருக்குக் குறைந்த சம்பளம், பலருக்குக் கூடுதல், சிலருக்குச் சம்பளமே இல்லை.

இதைச் சொல்வதால் உள்ளேயே வைத்திருப்பது பத்திரம் என்று பொருள் இல்லை. எத்தனையோ அலுவலகங்களில் பேரோல் ஒரே ஒருவரின் கையில் இருக்கிறது. அவரே புது ஊழியரை மாஸ்டரில் (ஊழியர் விவரங்களின் மூலப் பதிவில்) ஏற்றுகிறார், அவரே ரன் போடுகிறார், யாருக்கு எவ்வளவு என்று வங்கிக்கு அனுப்பும் ஃபைலையும் அவரே தயார் செய்கிறார். இல்லாத ஊழியருக்குச் சம்பளம் போகும் மோசடிக்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது. மோசடி இல்லாவிட்டாலும், அவர் மாதக் கடைசியில் காய்ச்சலில் படுத்தால் அத்தனை கிளையன்ட்டும் காத்திருக்க வேண்டும். மாஸ்டரில் கை வைப்பவர் வேறு, அப்ரூவல் கொடுப்பவர் வேறு என்று பிரிக்க ஆள் இல்லையென்றால், அந்த ஒரு காரணத்துக்காகவே வெளியே கொடுக்கலாம். எங்களைக் கேட்டால் கட்டணத்தைவிட இதுதான் நல்ல காரணம்.

எந்த வழியானாலும் முதல் வேலை, கிளையன்ட் ஒவ்வொருவருக்கும் இரண்டு பக்கத்தில் விதித்தாள் எழுதுவது. நாள் வகுக்கும் முறை, ஓவர்டைமுக்கு எந்தெந்தச் சம்பளக் கூறுகள் சேரும், ரவுண்டிங் ஒவ்வொரு கூறிலா கடைசித் தொகையிலா, நின்றவருக்குக் கடைசிக் கணக்கு எப்போது, யார் அப்ரூவல் கொடுப்பார், அவர் இல்லாவிட்டால் யார். இதை எழுத முடியவில்லை என்றால் அந்தக் கிளையன்ட்டைக் கைமாற்ற இன்னும் நேரம் வரவில்லை.

அடுத்தது பேரலல் ரன்: பழைய முறையிலும் புதிய முறையிலும் ஒரே சம்பளத்தைப் போட்டு ஒப்பிடுவது. குறைந்தது இரண்டு சம்பளச் சுற்று. அதில் ஒன்றிலாவது சேர்ந்தவர், நின்றவர், அரியர்ஸ் மூன்றும் இருக்க வேண்டும். மொத்தத் தொகை ஒத்துப்போனது என்று திருப்தி அடையாதீர்கள்: ஒருவருக்கு 500 கூடி இன்னொருவருக்கு 500 குறைந்தாலும் மொத்தம் ஒத்துப்போகும். ஆள்வாரியாக, கூறுவாரியாக ஒப்பிட வேண்டும். வரியை ஆண்டின் தொடக்கத்திலிருந்து சேர்த்துக் கணக்கிடும் இடங்களில் வரி ஆண்டின் முதல் மாதத்தில் மாறுவதே நல்லது. நடுவில் மாறினால் அதுவரையிலான சம்பளம், வரி, ஒவ்வொரு பிடித்தம் எல்லாவற்றையும் ஆள்வாரியாக ஏற்ற வேண்டும். இது விடுபட்டால் முதல் மாதமே வரி தப்பாகும்.

மாதாமாதச் சரிபார்ப்பில் போன மாதத்தையும் இந்த மாதத்தையும் ஒப்பிடும் வித்தியாசப் பட்டியல் எல்லாரும் போடுவதுதான். அதில் ஒரு ஓட்டை உண்டு. மாறியவர்களை அது காட்டும். மாறியிருக்க வேண்டியவர் மாறாமல் இருந்தால் காட்டாது. சம்பள உயர்வு ஏற மறந்தவர் அந்தப் பட்டியலில் வரவே மாட்டார். எனவே கிளையன்ட் அனுப்பிய மாற்றங்களைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் முடிவில் வந்திருக்கிறதா என்று எதிர்த்திசையிலும் டிக் அடிக்க வேண்டும். இந்தச் சரிபார்ப்பை வெளி நிறுவனத்திடம் விடாதீர்கள்.

வங்கி ஃபைல் விஷயத்தில் இரண்டு. ஊழியரின் வங்கிக் கணக்கை மாற்றச் சொல்லி மெயில் வந்தால், அந்த மெயிலுக்கே பதில் போட்டு உறுதி செய்யக் கூடாது; ஏற்கெனவே பதிவில் உள்ள எண்ணுக்குப் போன் செய்து கேட்க வேண்டும். அப்ரூவலுக்கு வந்த பட்டியலிலும் வங்கியில் ஏற்றும் ஃபைலிலும் ஆள் எண்ணிக்கை, மொத்தத் தொகை ஆகியவற்றோடு கணக்கு எண்களின் கடைசி ஆறு இலக்கங்களின் கூட்டலையும் ஒப்பிடுங்கள். இடையில் யாராவது ஒரு கணக்கு எண்ணை மாற்றியிருந்தால் தொகை மாறாது, இந்தக் கூட்டல் பெரும்பாலும் மாறும். இருவரின் எண்கள் ஒன்றுக்கொன்று இடம் மாறியிருந்தால் இதுவும் பிடிக்காது; அதற்கு மாஸ்டரோடு வரிக்கு வரி பார்ப்பதுதான் வழி.

ஒப்பந்தத்துக்கு வருவோம். எஸ்.ஓ.சி. 1 அல்லது ஐ.எஸ்.ஏ.இ. 3402 அறிக்கை, அதாவது வெளி நிறுவனத்தின் உள்கட்டுப்பாடுகளைப் பற்றி ஒரு தணிக்கையாளர் தரும் அறிக்கை, இருக்கிறது என்று சொல்வார்கள். டைப் 1 என்றால் ஒரு குறிப்பிட்ட தேதியில் கட்டுப்பாடுகள் வடிவமைக்கப்பட்ட விதத்தை மட்டும் சொல்லும். ஒரு காலகட்டம் முழுக்க அவை வேலை செய்தனவா என்று சோதித்தது டைப் 2. அதைக் கேளுங்கள். வாங்கியதும் வாடிக்கையாளர் பக்கம் இருக்க வேண்டிய கட்டுப்பாடுகள் என்ற பகுதிக்குப் போங்கள்: நீங்கள் செய்வீர்கள் என்று அவர்கள் நம்பியிருப்பதெல்லாம் அங்கே இருக்கும். அவர்கள் வேலையை வேறொருவரிடம் கொடுத்திருந்து, அறிக்கை அந்த இடத்தை விட்டுவிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். 2023-இல் பிரிட்டனின் ஜெல்லிஸ் என்ற பேரோல் நிறுவனம் பயன்படுத்திய மூவ்-இட் என்ற ஃபைல் அனுப்பும் சாஃப்ட்வேரில் இருந்த ஓட்டை வழியாகத்தான் பிபிசி, பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஊழியர்களின் விவரங்கள் கசிந்தன. 2021 டிசம்பரில், ஊழியர்களின் வேலை நேரத்தைப் பதியும் குரோனோஸ் பிரைவேட் கிளவுட் என்ற சேவை ரான்சம்வேரால் (பணம் கேட்டுக் கணினிகளைப் பூட்டும் தாக்குதலால்) முடங்கியபோது பல முதலாளிகள் வாரக்கணக்கில் நேரக் கணக்கைக் கையால் எழுதினார்கள். சிலர் முந்தைய சம்பளத்தையே மறுபடி போட்டுப் பிறகு கூடுதல் குறைவைச் சரிக்கட்டினார்கள். அதையாவது செய்ய வேண்டுமானால் போன மாதப் பட்டியலும் வங்கி ஃபைலும் நம் அலுவலகத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு ரன்னுக்குப் பிறகும் அவற்றை இறக்கி வைத்துக்கொள்ளும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

விலகும்போது ஆள்வாரி ஆண்டுக் கணக்கு எந்த வடிவத்தில், எத்தனை நாளில் கிடைக்கும், தாமத அபராதம் யார் தலையில், விலகும் அறிவிப்புக் காலம் வரி ஆண்டின் கடைசியில் வந்து முட்டினால் என்ன என்பதும் அதிலேயே இருக்கட்டும். கிளையன்ட்டுடனான நம் ஒப்புதல் கடிதத்திலும் வேலை வெளியே போகிறது என்று சொல்லி சம்மதம் வாங்க வேண்டும். அவருக்கு நாமே ஆடிட்டும் செய்கிறோம் என்றால், ஆடிட்டரின் சுயாதீனம் பற்றிய விதிகளைத் தனியாகப் பார்த்தாக வேண்டும்.

எங்கள் கோரிக்கை இவ்வளவுதான். அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் நிமிடக் கணக்கையும் விதித்தாள்களையும் மேசையில் வையுங்கள். பேரோல் போடுபவர்களையும் அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். சுலபமான இரண்டு கிளையன்ட்களோடு தொடங்கி, பேரலல் ரன் முடிவுகளைப் பார்த்த பிறகு மூன்றாவதைப் பேசுவோம்.

இப்படிக்கு,
பேரோல் மேசையில் வேலை பார்ப்பவர்கள்