ஐஸ் பெட்டியோடு வர வேண்டாம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன வாரம் ஓர் அண்ணன், படகில் மீனுக்கு வைக்கிற ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மண்டபத்தில் இருக்கும் நம் மருந்துக்கடைக்கு வந்தார். கையில் டாக்டர் சீட்டு: 'காலியம் 68 ஃபாபி பெட் ஸ்கேன்'. கதிர்வீச்சு உள்ள மருந்தை ஊசியாகப் போட்டு, அது உடம்பில் எங்கே சேர்கிறது என்று படம் எடுப்பதுதான் பெட் ஸ்கேன். காலியம் 68 ஃபாபி அந்த மருந்தின் பெயர். அண்ணனோ அதை இன்சுலின் மாதிரி குளிரில் வைத்துக் கொண்டுபோகிற ஊசி என்று நினைத்துவிட்டார். அவர் மனைவிக்கு வயிற்றில் நீர் கோத்திருக்கிறது. முதலில் எடுத்த பெட் ஸ்கேனில் ஒன்றும் தெளிவாகப் பிடிபடவில்லை. இன்னும் இரண்டு பேர் இதையே கேட்டுவிட்டார்கள், அதனால் இந்த மடல்.

அந்த மருந்து எந்தக் கடையிலும் கிடைக்காது. 68 நிமிடத்தில் அதன் கதிர்வீச்சு பாதியாகிவிடும். அடுத்த 68 நிமிடத்தில் அந்தப் பாதியிலும் பாதி. (பெயரில் இருக்கும் 68-க்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தற்செயல்தான்.) மதுரையில் தயாரித்துக் காரில் ஏற்றினாலும், மூன்று மணி நேரம் கழித்து இங்கே வந்து சேரும்போது ஆறில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஐஸ் போட்டெல்லாம் அதை நிறுத்த முடியாது. ஸ்கேன் மையத்திலேயே ஒரு சிறு கருவியிலிருந்து, பால் கறப்பதுபோல அன்றன்றைக்கு எடுத்து ஊசி போடுவார்கள். கொடுத்த நேரத்துக்குப் போய்விடுங்கள். மருந்து காத்திருக்காது.

"அப்படியென்றால் முதல் ஸ்கேன் தப்பா?" தப்பில்லை. வழக்கமான பெட் ஸ்கேனில் போடுவது சர்க்கரையைப் போன்ற மருந்து. புற்றுக்கட்டி சர்க்கரையை அதிகம் இழுப்பதால் அந்த இடம் ஒளிரும். ஆனால் கல்லீரலும் குடலும் தாமாகவே கொஞ்சம் ஒளிரும். ஏற்கெனவே வெளிச்சமான இடத்தில் இன்னொரு சிறு வெளிச்சம் எடுபடாது. இரைப்பையில் வரும் சில வகைப் புற்றுகள் சர்க்கரையை அவ்வளவாக இழுப்பதும் இல்லை. வயிற்று உறையில் மெல்லிசாகப் படர்ந்த புற்றும் ஸ்கேனின் கண்ணுக்குத் தப்பிவிடும்.

ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரத்து ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஃபாபி, சர்க்கரையைத் தேடாது. கட்டியைச் சுற்றி நார் பின்னுகிற செல்களில் போய் ஒட்டும். கணையப் புற்றில் கட்டியின் பெரும்பகுதியே அந்த நார்தான். ஆனால் கணைய அழற்சி, ஆறிக்கொண்டிருக்கும் ஆபரேஷன் தழும்பு, வீங்கிய மூட்டு ஆகியவற்றிலும் அது ஒட்டும். ஒளிர்ந்ததெல்லாம் புற்று என்று வீட்டில் அழ ஆரம்பித்துவிடாதீர்கள். சதை எடுத்துப் பார்க்கிற பயாப்ஸி அப்போதும் வேண்டியிருக்கும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒன்று. மெட்பார்மின் மாத்திரை குடலை அதிகம் ஒளிரவைக்கும் என்பதால், வழக்கமான ஸ்கேனுக்கு முன் சில மையங்களில் அதை நிறுத்தச் சொல்வார்கள். நாலைந்து மணி நேரம் வெறும் வயிறும் வேண்டும். ஃபாபிக்குப் பொதுவாக இந்தக் கெடுபிடி கிடையாது. எந்த ஸ்கேன் என்று தெரியாமலே மாத்திரையை நிறுத்திவிட்டு, சர்க்கரை ஏறி வந்து நிற்பவர்களைப் பார்த்துவிட்டோம். சீட்டைக் கொண்டுவாருங்கள், எந்த மருந்து என்று படித்துச் சொல்கிறோம். மாத்திரையை நிறுத்துவதா வேண்டாமா என்பதை டாக்டரிடமும் ஸ்கேன் மையத்திலும் கேளுங்கள். போகும்போது பழைய ஸ்கேன் சிடியை மறக்க வேண்டாம்.

அந்த அண்ணனின் ஐஸ் பெட்டி இன்னும் கடையில்தான் இருக்கிறது. வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருந்துக்கடை, மண்டபம்