எதன்பொருட்டு: ஒரு நன்றி மடல்

கிரேக்கத் தத்துவஞானி அரிஸ்டாட்டிலின் உயிரியலில் நோக்கக் காரணம், அதாவது ஒன்று எதன்பொருட்டு அமைந்திருக்கிறது என்ற விளக்கம், பற்றிய என் ஆய்வேடு போன வாரம் ஏற்கப்பட்டது. ஆறு வருட இழுபறி. கரை சேர்த்தவர்களுக்குப் பட்ட கடனைப் பொதுவில் சொல்லிவிடுகிறேன்.

முதல் நன்றி, கிரேக்கத்தின் லெஸ்போஸ் தீவில் கல்லோனி வளைகுடாக் கரையில் எனக்கு மாடியறை தந்த வீட்டுக்கார அம்மாவுக்கு. கி.மு. 345 வாக்கில் இந்தத் தீவில் தங்கிய அரிஸ்டாட்டில், இதே நீர்ப்பரப்பின் உயிர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். கோழி முட்டைக்குள் கரு வளர்வதை நாள்கணக்கு வைத்து விவரித்தவரும் அவர்தான். நானும் பார்க்கலாமென்று கடை முட்டை வாங்கி விளக்குச் சூட்டில் வைத்தேன். மூன்றாம் நாள் உடைத்தால் வெறும் மஞ்சள் கரு. சேவல் மிதிக்காத முட்டை பொரிக்குமா என்று அம்மா சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டது. பிறகு தம் கோழியின் முட்டைகளை அவரே அடைவைத்தார். மூன்று நாள் கழித்து ஒன்றைக் கிண்ணத்தில் பக்குவமாக உடைத்தால், கடுகளவு சிவப்பு. துடித்துக்கொண்டிருந்தது! ரத்தப் பொட்டுப்போல இதயம் தோன்றித் துடிக்கும் என்று அரிஸ்டாட்டில் எழுதியது அப்படியே.

நோக்கம் என்றாலே யாரோ மனத்தில் போட்டுவைத்த திட்டம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்தப் பொட்டுக்குப் பின்னால் தச்சன் எவனும் இல்லை. அரிஸ்டாட்டில் ஆய்வாளர் ஆலன் காட்ஹெல்ஃப் 1976இல் வாதிட்டது அன்றுதான் உறைத்தது: அரிஸ்டாட்டிலின் பார்வையில், நெருப்பு, நீர் முதலிய மூலப்பொருள்களின் இயல்புகளைக் கூட்டினால் மட்டும் உயிரின் வளர்ச்சி விளங்காது, முழு வடிவத்தை எட்டும் ஆற்றல் தனியாக உண்டு. 2013இல் மறைந்த அவரை நேரில் பார்த்ததில்லை. அவருக்கும், அவருக்கு முன்பே இந்த வழியில் நடந்த ஆய்வாளர் டேவிட் பாமுக்கும் வணக்கம்.

என் நெறியாளர் அவர்களுக்கு, ஒரு கேள்விக்குறிக்காக நன்றி. அரிஸ்டாட்டில் எல்லா உறுப்புக்கும் நோக்கம் கற்பிக்கிறார் என்று எழுதியிருந்தேன். ஓரத்தில் பென்சிலால் 'பித்தம்?' என்று மட்டும் குறித்திருந்தீர்கள். தேடிப் போனால், பித்தம் வெறும் கழிவு, எதன்பொருட்டும் அமைந்ததல்ல என்கிறார் மனிதர். (நம்மூர் வைத்தியர் கேட்டால் சண்டைக்கு வருவார்.) ஓர் இயல் முழுவதும் குப்பைக்குப் போனது.

நோக்கக் காரணத்தைச் சுட்ட அரிஸ்டாட்டில் ஆளும் 'ஹூ ஹெனெகா' என்ற கிரேக்கத் தொடருக்கு ஆங்கிலத்தில் நான் திண்டாடியபோது, தமிழில் 'எதன்பொருட்டு' என்றால் முடிந்ததே என்று போனில் சொன்ன தோழிக்கும் நன்றி.

அம்மா, மீதி முட்டைகளில் ஏழு பொரித்ததாகச் சொன்னீர்கள். முட்டைக்குக் காசு வாங்க மறுத்துவிட்டீர்கள். ஆய்வேட்டின் படி ஒன்று தபாலில் வருகிறது. படிக்கமாட்டீர்கள், தெரியும். கோழிக்கூண்டுக்கு முட்டுக்கொடுத்தாலும் சரிதான்.