புதையல் சீட்டு பற்றித் தம்பிக்கு

விக்டோரியா, மாஹே தீவு,
செஷல்ஸ்.

அன்புள்ள தம்பிக்கு,

கடற்கொள்ளையன் ஒருவன் எழுதியதாகச் சொல்லும் புதையல் சீட்டின் படத்தை நீ அனுப்பியது வந்தது. மூலையும் கட்டமும் புள்ளியுமாகப் 17 வரி. "அக்கா, நீ இருக்கிற தீவிலேயே அந்தப் புதையல் இருக்கிறதாமே, வரட்டுமா?" என்று கேட்டிருக்கிறாய். தாராளமாக வா. மண்வெட்டி மட்டும் வேண்டாம். ஏன் என்று விவரமாகவே எழுதுகிறேன், அப்பாவுக்கும் படித்துக் காட்டு.

முதலில் சங்கேதம். இரண்டு கோடு நெடுக்காகவும் இரண்டு கோடு குறுக்காகவும் போட்டால் ஒன்பது இடம். அதில் ஆங்கில எழுத்துகளை ஏ (A) முதல் ஐ (I) வரை வரிசையாக எழுது. பக்கத்தில் அதே மாதிரி இன்னொன்று, ஒவ்வொரு இடத்திலும் ஒரு புள்ளி வைத்து, ஜே முதல் ஆர் வரை. பிறகு பெருக்கல் குறி போல ஒன்று, அதன் நான்கு இடங்களில் எஸ் முதல் வி வரை. கடைசியாகப் புள்ளி வைத்த பெருக்கல் குறியில் மீதி நான்கு. 9, 9, 4, 4, ஆக 26. எழுத்துக்குப் பதில் அது இருக்கும் இடத்தின் கோடுகளை மட்டும் வரைய வேண்டும். ஏ என்றால் வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் கோடு. ஈ (E) நடு இடம், அதனால் முழுச் சதுரம்.

இது பழைய முறை, பூட்டு என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. எழுத்துகளை எந்த வரிசையில் நிரப்பினார்கள் என்று தெரியாவிட்டாலும், ஒவ்வொரு குறியும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணு. சீட்டின் மொழி பிரெஞ்சு, அதில் மிக அதிகமாக வருவது ஈ. அதைப் பிடித்துவிட்டால் மற்றவை ஒவ்வொன்றாக விழும். ஒரு மாலைப் பொழுது போதும்.

தவறு வருவது வேறு இடத்தில். மை மங்கி ஒரு புள்ளி அழிந்தால் எழுத்து ஒன்பது இடம் பின்னால் போய்விடும். என், ஈ ஆகும். ஆர், ஐ ஆகும். காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் எல்லாக் குறியும் சரியான குறியாகவே தெரியும், ஆனால் ஏ இருந்த இடத்தில் ஐ, பி இருந்த இடத்தில் எச் என்று படிப்பாய். நடு இடத்தில் இருக்கும் ஈயும் என்னும் மட்டும் மாறாது. ஆகவே ஈ சரியாக வந்ததை வைத்து மற்றதும் சரி என்று நம்பிவிடாதே. பிரதி எடுத்ததைப் பிரதி எடுத்து, அதையும் பிரதி எடுத்துத்தான் இன்று எல்லார் கையிலும் இருக்கிறது.

சரி, உடைத்தால் என்ன வருகிறது? "ஒரு ஜோடி புறாவை எடு." அப்புறம் இரண்டு இதயம், குதிரைத் தலை, ஒரு கரண்டி தேன். நடு நடுவே எந்த மொழியிலும் சேராத எழுத்துக் குவியல். புதையல் குறிப்பு என்றால் மூன்று விஷயம் வேண்டும்: எங்கே நின்று தொடங்குவது, எந்தத் திசை, எவ்வளவு தூரம். மூன்றில் ஒன்றுகூட இல்லை. எனக்கு இது நாட்டு மருந்துக் குறிப்பு போலவே படுகிறது.

இதை எழுதியதாகச் சொல்லப்படுபவன் ஒலிவியே லெவாசர் என்ற பிரெஞ்சுக் கடற்கொள்ளையன், பட்டப்பெயர் 'லா பியூஸ்'. 1721-இல் ரியூனியன் தீவில், கோவாவிலிருந்து போய்ப் புயலில் பாய்மரம் ஒடிந்து நின்ற போர்த்துகீசியக் கப்பலை, ஜான் டெய்லர் என்பவனோடு சேர்ந்து பிடித்தான். போர்த்துகீசிய வைஸ்ராயே அதில் இருந்தார். 1730 ஜூலை 7 அன்று அதே ரியூனியனில் செயின்ட் பால் ஊரில் தூக்கிலிட்டார்கள். தூக்குமேடையிலிருந்து சீட்டைக் கூட்டத்தில் வீசினான் என்பது கதை. சீட்டு அச்சில் வந்ததோ 1934-இல், சார்ல் தெ லா ரோன்சியே என்ற பிரெஞ்சு வரலாற்றாசிரியர் வெளியிட்டபோது. இடையில் இருநூறு வருஷம். இந்தச் சங்கேதத்தைப் பரப்பிய ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சகோதர சங்கங்கள் பிரான்சில் தலையெடுத்ததே 1720-களில்தான். அப்போது இவன் இந்தியப் பெருங்கடலில் திரிந்துகொண்டிருந்தான், எங்கே கற்றிருப்பான்? எனக்கு இது இடிக்கிறது.

இன்னொன்றும் இடிக்கிறது. கொள்ளைக் கப்பலில் பங்கு உடனே பிரிக்கப்படும், இல்லாவிட்டால் கலகம். அந்தப் போர்த்துகீசியக் கப்பலின் வைரங்களையும் ஆளுக்கு 42 என்று பிரித்துக்கொண்டார்கள் என்று அக்காலத்து ஆங்கில நூல் சொல்கிறது. பெரிய வைரம் ஒன்றே கிடைத்த ஒருவன், எண்ணிக்கை குறைகிறதே என்று அதை உடைத்தானாம்! பிரித்த பிறகு புதைக்க என்ன மிச்சம்?

இனி இடம். புதையல் இருப்பதாக எல்லாரும் தேடும் பெல் ஓம்பர் இந்தத் தீவின் வடமேற்குக் கரை, விக்டோரியாவிலிருந்து மலையைத் தாண்டிப் பஸ்ஸில் போகலாம். லெவாசர் காலத்தில் இங்கே குடியே இல்லை, பிரெஞ்சுக்காரர் செஷல்ஸில் குடியேறியது 1770-இல். 1923-இல் ரோஸ் சாவி என்ற பெண்மணி கரைப் பாறைகளில் நாய், பாம்பு, ஆமை போன்ற செதுக்கல்களைக் கண்டார். பின்னர் ரெஜினால்ட் குரூஸ் வில்கின்ஸ் என்ற ஆங்கிலேயர், கிரேக்கப் புராண வீரன் ஹெர்குலிஸின் பன்னிரண்டு வேலைகளே குறிப்பு என்று முடிவுகட்டி 1977-இல் இறக்கும்வரை தோண்டினார். மகனும் தொடர்ந்தார். பழைய துப்பாக்கிப் பாகங்கள், சில நாணயங்கள் கிடைத்தன. பெட்டி கிடைக்கவில்லை.

தோண்டுவது எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். காய்ந்த மணல் ஏறக்குறைய 33 பாகைச் சரிவில்தான் நிற்கும். அடியில் ஒரு மீட்டர் அகலம் வைத்து மூன்று மீட்டர் இறங்க, மேலே பத்து மீட்டர் அகலம் திறக்க வேண்டும். 90 கன மீட்டர் மணல், 140 டன்னுக்கு மேல். இது தண்ணீர் வராத இடத்துக்கு. கடற்கரையில் அலை ஏறினால் குழியில் தண்ணீரும் ஏறும். பம்ப் போட்டு இறைத்தால் தண்ணீரோடு நுண்மணலும் ஓடி வரும், பக்கச் சுவர் உள்ளே சரியும், ஆள் புதைந்துபோவது இப்படித்தான். குழியைச் சுற்றிக் குழாய் இறக்கி முன்கூட்டியே நீர்மட்டத்தைக் குறைப்பதுதான் சரியான வழி. இரும்புத் தகடு அடித்து அணைக்கலாம் என்றால், மணலுக்கடியில் வீடளவு கருங்கல், தகடு இறங்காது.

மெட்டல் டிடெக்டர் வாங்கட்டுமா என்கிறாய். கையில் பிடிக்கும் கருவிக்கு ஒரு நாணயம் 20, 30 சென்டிமீட்டர் ஆழத்தில் தெரிந்தால் பெரிய விஷயம். உப்பு நனைந்த மணலில் சாதாரணக் கருவி சும்மாவே கத்தும். பல்ஸ் இண்டக்‌ஷன் வகை உப்பைத் தாங்கும், ஆனால் ஆணியையும் தங்கத்தையும் பிரித்துச் சொல்லாது. நிலத்துக்குள் பார்க்க அனுப்பும் ரேடார் அலையோ உப்புத்தண்ணீரில் செத்துவிடும்.

நாளைக்கே உண்மையான குறிப்பு ஒன்று கிடைத்தாலும் அளவு உதைக்கும். 100 அடி என்றால் யாருடைய அடி? பழைய பிரெஞ்சு அடி 32.48 சென்டிமீட்டர், ஆங்கில அடி 30.48. நூறு அடியில் இரண்டு மீட்டர் வித்தியாசம். காந்த ஊசி காட்டும் வடக்கும் முன்னூறு வருஷத்தில் பல பாகை நகர்ந்திருக்கிறது. ஒரு பாகை பிசகினால் 200 மீட்டரில் மூன்றரை மீட்டர் தள்ளிப்போவாய்.

தோண்ட அரசு அனுமதி வேண்டும். சுற்றுலாவாக வந்தவர் இங்கே எந்த வேலையும் செய்யக் கூடாது, அதற்குத் தனி பெர்மிட். விக்டோரியா சின்ன ஊர். நம் ஆட்களின் கடைகளும் நவசக்தி விநாயகர் கோயில் கோபுரமும் இருப்பதால் உனக்குப் புதிதாகத் தெரியாது. பார்க்கிறவர்களுக்கெல்லாம் "போன்ழூர்" (பிரெஞ்சு வணக்கம்) சொல்லிவிடு, சொல்லாமல் பேச்சைத் தொடங்கினால் முகம் சுளிப்பார்கள். எல்லாம் கப்பலில் வருவதால் விலை அதிகம், கணக்கு செஷல்ஸ் ரூபாயில்.

மே முதல் செப்டம்பர் வரை காற்று தென்கிழக்கிலிருந்து அடிக்கும், அந்த மாதங்களில் பெல் ஓம்பர் பக்கம் கடல் அமைதி. டிசம்பர், ஜனவரியில் மழை. ஜூனில் டிக்கெட் பார். நீரிறக்க நேரத்தில் போனால்தான் செதுக்கல் பாறைகளுக்குக் கிட்டே போகலாம், அதனால் ரப்பர் அடி போட்ட பழைய செருப்பு ஒன்று எடுத்து வா, பாசி வழுக்கும். கிளம்பும் தேதி முடிவானதும் எழுது.

அன்புடன்,
அக்கா