உள்ளே இருப்பதைப் பிடுங்குவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வீட்டு அலங்காரம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பழைய கிராமபோன் பெட்டியின் மோட்டாரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் புளூடூத் ஸ்பீக்கரைப் பொருத்திக்கொள்ளலாம் என்று அதில் யோசனை சொல்லியிருந்தார்கள். கூடவே, 'எப்படியும் ஓடாத பொருள்தானே' என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் தையல்காரி. 35 வருடமாக என் மெஷினைப் பிரித்து எண்ணெய் போடுவது நானேதான். அப்பா விட்டுப்போன கிராமபோன், மூடினால் சூட்கேஸ் போலத் தூக்கிக்கொண்டு போகிற வகை, இருபது வருடம் பரணில் கிடந்தது. சாவி கொடுத்தால் உள்ளே 'டம்' என்று ஓர் அடி விழும். தட்டு நாலு சுற்று சுற்றி நின்றுவிடும். பழுது பார்க்கக் கொண்டுபோன இடத்தில் திறந்துகூடப் பார்க்காமல், "ஸ்பிரிங் போச்சு, ஷோகேஸில் வைங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ஸ்பிரிங் போகவில்லை. அதில் தடவியிருந்த கிரீஸ்தான் காய்ந்து போயிருந்தது. இஞ்ச் டேப்பை இறுகச் சுருட்டி ஒரு டப்பாவுக்குள் அடைத்தால் எப்படியோ, அப்படித்தான் அந்த எஃகு நாடா இருக்கிறது. கிரீஸ் காய்ந்ததும் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சாவி கொடுக்கும்போது ஒட்டியது திடீரென்று விடுபடுகிறது. அந்த 'டம்' சத்தம் அதுதான். டப்பாவைத் திறந்தபோது கிரீஸ் கறுப்புப் பிசின் போல இருந்தது. கத்தி முனையால் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, கிராஃபைட் கலந்த புதுக் கிரீஸ் தடவி, நாடாவை ஒவ்வொரு சுற்றாகத் திரும்ப உள்ளே அனுப்பினேன்.

இதைப் படித்துவிட்டு யாரும் உடனே ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கிவிட வேண்டாம். அந்த நாடா விரலை அறுத்துவிடும். முதலில் தட்டைச் சுற்றவிட்டு, சாவி முழுதும் இறங்கி மோட்டார் தானாக நிற்க வேண்டும். சாவி ஏறியிருக்கும்போது, மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைக் கழற்றவே கூடாது. பிடிப்பார் இல்லாமல் சக்கரங்கள் பறந்து, பல்லெல்லாம் உடைந்துபோகும். கனத்த கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் ஸ்பிரிங் டப்பாவைத் தொடாதீர்கள். பழக்கமில்லாதவர்கள் தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதுதான் நல்லது.

கவர்னரைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதன் மேல் எனக்கு அவ்வளவு மதிப்பு. 1887இல் எமில் பெர்லினர் கிராமபோனுக்குக் காப்புரிமை வாங்கினார். ஆரம்பத்தில் வந்த பெட்டிகளைக் கையால்தான் சுற்ற வேண்டும். கையின் வேகம் மாறினால் சுருதியும் மாறும். 1896இல் எல்ட்ரிட்ஜ் ஜான்சன் நம்பகமான ஸ்பிரிங் மோட்டாரைச் செய்து கொடுத்த பிறகுதான் பாட்டு ஒரு சீராக நின்றது. ஸ்பிரிங்கின் வேகத்தைக் கட்டுக்குள் வைப்பது கவர்னர். மெல்லிய தகடுகளில் மூன்று சிறு குண்டுகள். அச்சு சுழலும்போது குண்டுகள் வெளிப்பக்கம் விரிகின்றன, விரிய விரிய ஒரு வட்டத் தகடு நகர்ந்து தோல் பட்டையில் உரசுகிறது, வேகம் அடங்குகிறது. எங்கள் பெட்டியில் அந்தத் தோல் காய்ந்து கிறீச்சிட்டது. தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன், அவ்வளவுதான்.

நிஜமான வேலை சவுண்டு பாக்ஸில்தான். ஊசி மாட்டுகிற அந்த வட்டத் தலைக்குள் மைக்காத் தகடு ஒன்று இருக்கிறது. ஊசியின் அசைவு சின்னத் தண்டு வழியாகத் தகட்டின் நடுவுக்குப் போகிறது, தகடு அதிர்கிறது, பாட்டு வருகிறது. கரண்டு கிடையாது, ஆம்ப்ளிஃபயர் கிடையாது. தகட்டின் ஓரத்தை இரண்டு பக்கமும் மெல்லிய ரப்பர் குழாய் வளையங்கள் தாங்குகின்றன. நான் திறந்தபோது அந்த ரப்பர் காய்ந்த சுள்ளி மாதிரி இருந்தது, நகம் பட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ரப்பர் இறுகிவிட்டால் தகடு அசைய வழியில்லை. பாட்டு தகரத்தைச் சுரண்டுவது போல வரும். கேட்பவர்கள் அந்தக் காலத்துச் சத்தமே இப்படித்தான் போல என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது உண்மையில்லை.

மெல்லிய சிலிக்கான் குழாயை அளவாக வெட்டி, முனைகள் இடைவெளி இல்லாமல் சேரும்படி வைத்தேன். தண்டு தகட்டோடு சேரும் திருகின் மேல் தேன்மெழுகால் ஒரு பொட்டு வைக்க வேண்டும். ஊசியைச் சூடாக்கி, கடுகளவு மெழுகை அதன் முனையில் எடுத்து வைத்தேன். அப்புறம் தண்டைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகள். ஒன்றைக் கொஞ்சம் அதிகம் முடுக்கினால் தகடு உள்ளே இழுபடுகிறது, மற்றதை முடுக்கினால் வெளியே தள்ளுகிறது. இரண்டும் இல்லாமல் தகடு சும்மா இருக்க வேண்டும். கால் சுற்று, அதிலும் பாதி என்று நாலு சாயங்காலம் போயிற்று. ஒவ்வொரு முறையும் ஊசி நுனியில் விரல் நகத்தை லேசாக இழுத்துப் பார்ப்பேன். நாலாவது நாள் 'கர்' என்று தெளிவாகப் பதில் வந்தது.

வேகம் சரிபார்க்க ஒரு துண்டுக் காகிதமும் கடிகாரமும் போதும். இசைத்தட்டின் அடியில் காகிதத்தின் நுனி வெளியே தெரியும்படி செருகி, பாட்டு ஓடும்போதே எண்ண வேண்டும். நிமிடத்துக்கு 78 சுற்று. ஊசி இல்லாமல் எண்ணினால் கணக்கு தப்பும், ஊசியின் உராய்வும் வேகத்தைக் குறைக்கும். எனக்கு முதலில் 74தான் வந்தது. சின்ன வயதில் பாட்டின் கடைசி அரை நிமிடம் குரல் தொய்ந்துபோகும். பாடுகிறவர் களைத்துவிட்டார் என்றே நினைத்திருந்தேன். இப்போது அதே தட்டு கடைசி வரி வரை சுருதி இறங்காமல் பாடுகிறது. அப்பா இதை ஒருமுறை கேட்டிருக்கலாம்.

கட்டுரையோடு வந்த படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் கிராமபோன் ஊசிக்குக் கீழே, பிற்காலத்தில் வந்த எல்.பி. இசைத்தட்டு இருக்கிறது. 78 சுற்றில் ஓடும் பழைய தட்டு அரக்கோடு கல்பொடி கலந்து செய்த கெட்டிப் பொருள். எஃகு ஊசியைத்தான் அது தேய்க்கும், அதனால்தான் தட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு புது ஊசி மாற்ற வேண்டும். எல்.பி. தட்டோ வினைல் என்ற மென்மையான பிளாஸ்டிக். நூறு கிராமுக்கு மேல் அழுத்துகிற அந்தத் தலை, அதன் மெல்லிய வரிகளை ஒரே தடவையில் உழுதுவிடும். அதேபோல அரக்குத் தட்டை ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள், அரக்கு அதில் கரையும். அப்பாவின் தட்டு ஒன்றை நான் அப்படித்தான் பாழாக்கினேன்.

வரும் ஞாயிறு இணைப்பில் ஒரு சிறு பெட்டிச் செய்தி போட முடியுமா? கிராமபோனைப் பிரித்து அலங்காரம் செய்ய நினைப்பவர்கள், முதலில் மோட்டாரைத் தெரிந்த ஒருவரிடம் திறந்து காட்டச் சொல்லுங்கள். கழற்றியே தீர வேண்டும் என்றால், கழற்றியதைப் பழைய இரும்புக்குப் போடாமல் துணியில் சுற்றி வைக்கச் சொல்லுங்கள். கவர்னர் தகடு ஒன்று உடைந்துபோய் நின்றுகிடக்கும் இன்னொரு பெட்டிக்கு அது வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி