குதிரை மந்தையை முன்னின்று நடத்துவது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தலைமைப் பண்பைப் பற்றி வெளியாகும் கட்டுரைகளிலும் நிகழ்த்தப்படும் மேடைப் பேச்சுகளிலும் குதிரை மந்தை அடிக்கடி உவமையாக எடுத்தாளப்படுகிறது. வலிமை மிக்க ஒரு பொலிகுதிரை, அதாவது ஆண் குதிரை, முன்னே பாய்கிறது, மற்றவை மறுபேச்சின்றிப் பின்தொடர்கின்றன. மனிதர்களுக்கும் அப்படியொரு தலைவன் வாய்த்தால் சமூகம் சீர்படும் என்று அந்த உவமை முடிகிறது. குதிரைகளோடு பல ஆண்டுகள் பழகியவன் என்ற முறையிலும், அவற்றைப் பற்றிய ஆய்வுகளைத் தொடர்ந்து படித்து வருபவன் என்ற முறையிலும், இந்த உவமை அடிப்படையிலேயே பிழையானது என்பதைத் தங்கள் வாசகர்களுக்குத் தெரிவிக்க விரும்புகிறேன். தவறான உவமை தவறான அரசியலுக்கும் தவறான குடும்ப வாழ்க்கைக்கும் நியாயம் தேடித் தருகிறது என்பதே என் கவலை.

மனிதரின் கட்டுப்பாடின்றித் திரியும் குதிரைகள் சிறு சிறு குடும்பங்களாக வாழ்கின்றன. ஒரு குடும்பத்தில் பொதுவாக ஒரு பொலிகுதிரையும், சில பெட்டைக் குதிரைகளும், அவற்றின் குட்டிகளும் இருக்கும். குடும்பம் இடம்பெயரும்போது பொலிகுதிரை பெரும்பாலும் பின்னால்தான் வருகிறது. தலையைத் தாழ்த்தி, காதுகளைப் பின்னுக்கு மடித்து, பின்தங்கியவற்றை முன்னே தள்ளிக்கொண்டு வருகிறது. அப்படியானால் முன்னே செல்வது யார் என்ற கேள்விக்கு, மூத்த பெட்டைக் குதிரை என்று நெடுங்காலம் பதில் சொல்லப்பட்டது. அதுவும் முழு உண்மையாக இல்லை. இயற்கை வாழிடங்களிலிருந்து 1960களின் இறுதியில் மறைந்துபோய், விலங்குக் காட்சியகங்களில் மட்டும் எஞ்சியிருந்த பிரெவால்ஸ்கி என்னும் காட்டுக் குதிரைகளுள் சில, பிரான்சின் கோஸ் மெஜான் மேட்டுநிலத்துக்கு 1990களில் கொண்டுவரப்பட்டு, தாமாகவே குடும்பங்களை அமைத்துக்கொள்ள விடப்பட்டன. அவற்றை உற்றுநோக்கிய ஆய்வாளர்கள், கூட்டம் புறப்படுவதற்கு முன்பே பல குதிரைகள் மேய்ச்சலை நிறுத்திவிட்டு, ஒரு திசையை நோக்கித் திரும்பியும் சில அடிகள் நகர்ந்தும் தம் விருப்பத்தைக் காட்டுவதைக் கண்டார்கள். புறப்பாடு என்பது பலர் பங்கேற்ற ஒரு முடிவாக இருந்தது. முதலில் காலெடுத்து வைத்த குதிரையை மட்டும் பார்த்துவிட்டு, அதற்குத் தலைவன் என்று நாம் பெயர் சூட்டிவிடுகிறோம்.

குதிரைக்கு நெருங்கிய இனமான வரிக்குதிரைகளைப் பற்றி 2007ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. கென்யாவில் நடந்த அந்த ஆய்வில், குட்டிக்குப் பாலூட்டிக்கொண்டிருந்த பெட்டைகளே கூட்டத்தின் நகர்வை மற்றவற்றைவிட அதிகமாகத் தொடங்கி வைத்தன. பால் சுரக்கும் உடலுக்குத் தண்ணீர் கூடுதலாக வேண்டும். யாருக்குத் தேவை அதிகமோ அவரே வழியைத் தொடங்குகிறார், மற்றவர்கள் உடன் செல்கிறார்கள். நம்முடைய அவைகளிலும் அலுவலகங்களிலும் தேவை அதிகம் உள்ளவரின் குரல் எத்தனையாவது வரிசையில் ஒலிக்கிறது என்பதை ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கலாம்.

ஆதிக்கத்தையும் தலைமையையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் இந்தப் பிழைக்கு வேர். குதிரைகளிடையே மேல்கீழ் வரிசை உண்டு. தண்ணீரோ தீவனமோ குறைவாக இருக்கும்போது எது முதலில் வரும், எது ஒதுங்கி நிற்கும் என்பதில் அந்த வரிசை வெளிப்படும். எனினும் அதுவும் பெரும்பாலும் காதை மடிப்பதிலும் தலையை வீசுவதிலும் முடிந்துவிடுகிறது. கடியும் உதையும் அரிதாகவே வருகின்றன. பிறரை விலக்கித் தண்ணீர் குடிக்க முடிகிற குதிரையைத்தான் மற்றவை பின்தொடர்ந்து செல்லும் என்று விதி ஏதும் இல்லை.

மந்தையை உண்மையில் பிணைத்து வைத்திருப்பது நட்பு என்று சொன்னால் அது மிகையாகாது. இரண்டு குதிரைகள் எதிரெதிராக நின்று, கழுத்து முதுகோடு சேரும் இடத்தைப் பற்களால் ஒன்றுக்கொன்று கோதிவிடுவதைப் பார்த்தவர்கள் அந்த அமைதியை மறக்க மாட்டார்கள். பிரான்சின் கமார்க் குதிரைகளைக் கொண்டு நடத்தப்பட்டு 1993இல் வெளியான ஓர் ஆய்வு, அந்த இடத்தைத் தேய்த்துவிடும்போது குதிரையின் இதயத் துடிப்பு குறைவதை அளந்து காட்டியது. நியூசிலாந்தின் கைமனாவா மலைப்பகுதிக் குதிரைகளைப் பற்றி 2009இல் வெளியான ஆய்வு இன்னும் ஒரு படி மேலே சென்றது. இரத்த உறவு இல்லாத பெட்டைகளோடு நெருங்கிய நட்பு கொண்டிருந்த பெட்டைக் குதிரைகள் அதிகக் குட்டிகளை ஈன்றன, அக்குட்டிகள் பிழைத்திருப்பதும் அதிகமாக இருந்தது, பொலிகுதிரைகளின் தொந்தரவும் அவற்றுக்குக் குறைவாக இருந்தது. உறவினர் வட்டத்துக்கு வெளியே பெண்கள் நட்பு கொள்வதை இன்றும் வீண்பேச்சு என்று ஒதுக்குகிறவர்கள் இந்தச் செய்தியை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

இளங்குதிரைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். வளர்ப்புக் குதிரைகளைப் பொறுத்தவரை, தாயிடமிருந்து பிரித்த குட்டிகளை ஒத்த வயதினரோடு மட்டும் ஒரே அடைப்பில் விடுவது பரவலான வழக்கம். தட்டிக் கேட்க ஆளில்லாவிட்டால் தம்பி சண்டப்பிரசண்டன் என்பார்களே, அந்த நிலைதான் அங்கே உருவாகிறது. கடிப்பதும் துரத்துவதும் பெருகுகின்றன. அத்தகைய குழுக்களில் வளர்ந்த இளங்குதிரைகளோடு முதிர்ந்த குதிரைகள் விடப்பட்டபோது, இளையவற்றின் மூர்க்கம் தணிந்ததையும், அதுவரை காணப்படாத நட்பு நடத்தைகள் தோன்றியதையும் 2008இல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்திருக்கிறது. நானும் இதைக் கண்கூடாகக் கண்டிருக்கிறேன். அடங்காத இரண்டு வயதுக் குதிரை ஒன்றின் அடைப்பில் வயதான பெட்டைக் குதிரை ஒன்றை விட்டோம். அது இளையதை ஒருமுறைகூடக் கடிக்கவில்லை; வரம்பு மீறியபோதெல்லாம் காதை மடித்தது, அல்லது முதுகைக் காட்டித் திரும்பி நின்றது. சில வாரங்களில் இளையது அதன் பக்கத்தில் தலை தாழ்த்தி மேயத் தொடங்கியது. நாமோ பிள்ளைகளை வயதுவாரியாகப் பிரித்து, நாளின் பெரும்பகுதியை ஒத்த வயதினரோடு மட்டுமே கழிக்கச் செய்துவிட்டு, அவர்களுக்குப் பொறுமையில்லை என்று குறைப்படுகிறோம். முதியவர்களையும் அதேபோல் தனியே ஒதுக்குகிறோம். இரு தரப்பும் இழப்பது என்ன என்று யாரும் கணக்கெடுப்பதில்லை.

குதிரை நின்றபடியே கண்ணயரும் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் கனவு காணும் ஆழ்ந்த உறக்கத்துக்கு அது தரையில் படுத்தாக வேண்டும். எழுந்து ஓடச் சில நொடிகள் பிடிக்கும் என்பதால், பாதுகாப்பு உணர்வு இல்லாத இடத்தில் அது படுக்காது. மந்தையில் சில குதிரைகள் படுத்திருக்கும்போது அருகில் ஒன்றாவது நின்றுகொண்டிருப்பது வழக்கம். லாயத்தில் தன்னந்தனியாக அடைத்து வைக்கப்படும் குதிரைகளுள் சில, இருந்த இடத்திலேயே தலையை இடமும் வலமுமாக ஓயாமல் ஆட்டிக்கொண்டிருக்கும். தனித்து வாழும் மனிதரின் உறக்கமின்மையை நான் முதன்முதலில் புரிந்துகொண்டது அப்படியொரு லாயத்தின் வாசலில் நின்றபோதுதான்.

குதிரைகள் நமக்கு ஒழுக்கம் கற்பிக்கும் ஆசான்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பொலிகுதிரைகள் தமக்குப் பிறக்காத குட்டியைக் கொன்ற நிகழ்வுகளும் பதிவாகியுள்ளன. மனிதருக்கு மொழியும் சட்டமும் மனச்சான்றும் இருக்கின்றன. விலங்கைப் பார்த்து வாழ்க்கையை அப்படியே நகலெடுக்க வேண்டிய தேவை நமக்கில்லை. ஆனால் ஓர் உயிரினத்தைச் சாட்சியாக அழைக்கிறவர்கள் அதன் வாக்குமூலத்தை முழுமையாகக் கேட்க வேண்டும்.

ஆகவே, மந்தையை முன்வைத்துத் தலைமையைப் பற்றி எழுதுகிறவர்களிடம், முதலில் அடியெடுத்து வைத்த குதிரையைப் பற்றி மட்டும் எழுதாமல், அதற்கு முன்பே எத்தனை குதிரைகள் அந்தத் திசையை நோக்கித் திரும்பியிருந்தன என்பதையும் சேர்த்து எழுதித் தருமாறு தாங்கள் கேட்டு வாங்கி வெளியிட வேண்டும் என்று அன்புடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்