முதல் வெள்ளத்தைத் தவறவிடாதீர்கள்: வன்னிக் குளங்களைப் பராமரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

வன்னியின் கமக்கார அமைப்புகளுக்கும், நன்னீர் மீனவர் சங்கங்களுக்கும், குளங்களுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கும் வணக்கம்.

குளம் நிறைந்து தெளிந்த பிறகு, தை மாதத்தில் எடுத்த நீர் மாதிரி நல்ல முடிவைத்தான் காட்டும். வரவேண்டியது வந்து, படியவேண்டியது படிந்து முடிந்த நேரம் அது. ஐப்பசியில் வரத்து வாய்க்காலால் பிளேன்ரீ நிறத்தில் இறங்கும் முதல் வெள்ளம் என்ன கொண்டுவந்தது என்பதை அந்த முடிவில் தேடிப் பயனில்லை.

கோடை முழுக்கக் கச்சான் காற்றில், குளத்துக்குள் நீர் ஏறி இறங்கும் அலைகரையின் மண் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கிறது. தாமரைத் தண்டும் பாசியும் மாட்டெருவும் அந்த வெடிப்புக்குள் கிடக்கின்றன. மண்ணின் நுண்ணுயிர்களில் ஒரு பங்கு வறட்சியில் செத்து, எளிதில் கரையும் காபனாகவும் நைதரசனாகவும் மிஞ்சுகிறது. மழை பட்டதும் தப்பியவை அதைத் தின்று பெருகும். காய்ந்த மண்ணை நனைத்தவுடன் மட்கு சிதையும் வேகம் சட்டென்று ஏறிச் சில நாட்களில் இறங்குவதை மண்ணியலாளர் எச். எப். பேர்ச் கிழக்கு ஆபிரிக்க மண்ணில் அளந்து 1958இல் எழுதினார். இன்றும் அதற்குப் பேர்ச் விளைவு என்றே பெயர். கோடையில் மண்ணில் சேர்ந்த நைத்திரேற்று அந்த முதல் நீரோடு கழுவுண்டு போகிறது. மேல்குளத்து வயல்களின் கழிவு வாய்க்கால்தான் கீழ்க்குளத்துக்கு வரத்து என்பதால், மேலே போட்ட யூரியாவின் மிச்சமும் இதில் சேரும்.

நீர் தேங்கிய பிறகு கதை மாறும். நுண்ணுயிர்கள் சேற்றிலுள்ள ஒட்சிசனை முதலில் தீர்க்கும். பின் நைத்திரேற்று, பின் மங்கனீசு, பின் இரும்பு. துருவாக இருந்த இரும்பு கரையும்போது, அதில் ஒட்டியிருந்த பொசுபேற்றும் நீருக்குள் வந்துவிடும். பிறகு வரும் பாசிக்கு அதுதான் பசளை. விடிய வெள்ளென மீன் மேலே வந்து வாய் திறந்தால் ஒட்சிசனை உடனே அளக்க வேண்டும். மத்தியானத்தில் அளந்து 7 மில்லிகிராம் இருக்கிறது என்று எழுதிப் பயனில்லை. சூரியன் எழுமுன் லீற்றருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போயிருந்தால் மீனுக்கு ஆபத்து.

கட்டின் அடியில் ஊறும் நீரில் எண்ணெய் போல ஒரு படலம் மினுங்குவதைக் கண்டிருப்பீர்கள். குச்சியால் குத்துங்கள். கண்ணாடிச் சில்லுப் போல உடைந்து பிரிந்தே நின்றால் அது இரும்புப் படலம். மீண்டும் ஒன்றுகூடினால் டீசலோ எண்ணெயோ.

மண்ணில் பூட்டிக்கிடக்கும் காபன் நீருக்கு வரும் இதே வேலை வடதுருவப் பக்கத்தில் வேறு பூட்டோடு நடக்கிறது. குறைந்தது 2 ஆண்டு தொடர்ந்து 0 பாகை செல்சியசுக்கு மேல் ஏறாத நிலையுறைமண்ணில் ஏறத்தாழ 1,500 பில்லியன் தொன் காபன் கிடக்கிறது. வளிமண்டலத்தில் இருப்பதைப் போல் கிட்டத்தட்ட இருமடங்கு. அது இளகும்போது ஓடைக்கு வருவதைத் தீர்மானிப்பது நீர் போகும் வழி. மட்கு நிறைந்த மேல்மண்ணால் ஓடினால் கரைந்த காபன் கூடும். இளகல் ஆழமாகி அடியிலுள்ள கனிம மண்ணால் ஓடினால், அந்த மண் காபனைப் பிடித்துவைத்துக்கொண்டு கனிமங்களை விடும். அலாஸ்காவின் புரூக்ஸ் மலைத்தொடரில் குறைந்தது 75 ஓடைகள் இரும்பால் செம்மஞ்சளாகியிருப்பதை 2024இல் வெளியான ஆய்வு பதிவுசெய்தது. அங்கே பூட்டு குளிர். நம் குளங்களின் அடிச்சேற்றுக் காபனுக்குக் காற்றில்லாமைதான் பூட்டு, தூர்வாரும்போது அதைத் திறப்பது பெக்கோ.

தூர்வாருவதை நாங்கள் எதிர்க்கவில்லை, செய்யும் விதத்தில்தான் குறை. வாரிய வண்டலை அலைகரையிலேயே குவித்துவிட்டுப் போனால், குளம் ஏறும்போது அத்தனையும் திரும்ப உள்ளேதான் போகும், அதுவும் கிளறி நொறுங்கிய நிலையில். புரட்டாதி நடுப்பகுதிக்குள் அது நீர்மட்ட எல்லைக்கு வெளியே போய்ச் சேர வேண்டும். துருசு (மதகு) வாயிலுக்குக் கீழே தோண்டினால் வயலுக்கு ஒரு சொட்டும் கூடுதலாகக் கிடைக்காது. மாட்டுக்கும் மீனுக்கும்தான் அந்த நீர். அதையும் மீறித் தோண்டிக் களிப்படையை உடைத்தால் குளம் கசியும். கறுத்து, அழுகிய முட்டை மணக்கும் சேற்றை வயலுக்குக் கொண்டுபோனால் மெல்லியதாகப் பரப்பி, 2 கிழமையாவது காற்றாட விட்டபிறகே விதையுங்கள். உடனே விதைத்தால் அதிலுள்ள சல்பைட்டு வேரைக் கறுப்பாக்கும்.

இனி மாதிரி எடுப்பது. வாய்க்கால் ஓடத்தொடங்கியதும் ஒன்று, 6 மணித்தியாலம் கழித்து ஒன்று, அடுத்த நாள் ஒன்று, ஒரு கிழமை கழித்து ஒன்று. போத்தலைச் சவர்க்காரத்தால் கழுவ வேண்டாம். பொசுபேற்று உள்ள சவர்க்காரம் முடிவையே கெடுத்துவிடும். 10% ஐதரோக்குளோரிக் அமிலத்தால் கழுவி, வடிநீரால் அலசி, எடுக்கும் இடத்து நீரால் மூன்று தரம் அலசுங்கள். நீரோட்டத்தை எதிர்நோக்கி நின்று, அடிச்சேறு கலங்காமல் நடு ஆழத்தில் நிரப்புங்கள். கரைந்த காபனுக்கு 0.45 மைக்கிரோமீற்றர் வடிதாளால் வடிக்கும்போது முதல் 30 மில்லிலீற்றரை ஊற்றிவிட வேண்டும்; புதிய வடிதாளே காபன் விடும். முதல் வெள்ளத்தில் அந்தத் தாள் சில நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும், ஆகவே கண்ணாடி நார் வடிதாளால் முதலில் ஒருதரம் வடியுங்கள். ஐஸ் பெட்டியில் 4 பாகையில் வைத்து 24 மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்துக்குக் கொடுங்கள். இதே நீரைக் குடிநீராக்கினால், கரைந்த காபன் கூடியிருக்கும்போது போடும் குளோரின் அதோடு சேர்ந்து வேண்டாத சேர்மங்களை உண்டாக்கும். அங்கும் ஐப்பசி எண்தான் தேவை, தை எண் அல்ல.

அறிக்கையில் அலகைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். குடிநீருக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. அதையே நைத்திரேற்றிலுள்ள நைதரசனாக எழுதினால் 11.3. ஓர் அறிக்கையில் வெறுமனே ‘நைத்திரேற்று 12’ என்றிருந்தால், அது வரம்பைத் தாண்டியதா, வரம்பில் கால்வாசியா என்று ஒருவராலும் சொல்லமுடியாது.

போத்தல்களும் ஐஸ் பெட்டியும் புரட்டாதி முடியுமுன் குளத்துக்குப் பக்கத்தில் ஒருவர் வீட்டில் தயாராக இருக்கட்டும். முதல் மழை பெரும்பாலும் பின்னேர இடிமழை. அலுவலகம் பூட்டிய பிறகுதான் வாய்க்கால் ஓடும்.

இப்படிக்கு,
வன்னியில் நீர், மண் பரிசோதனையில் ஈடுபடுவோர்